எட்டு மடிப்பும் ஒரு கொடியும்

புதுத் துண்டின் புதிர்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் புதுப் பருத்தித் துண்டு வாங்குகிறீர்கள். குளித்துவிட்டு அதை எடுத்துத் துவட்டினால் ஈரம் போகிறதா? துண்டு முதுகில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, தண்ணீரை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளுகிறது. வீட்டுக் கொடியில் பல வருடம் உழைத்து நைந்த பழைய துண்டு ஒன்று கிடக்கும். அதை எடுத்து ஒரு முறை ஒற்றினால் போதும், உடம்பு காய்ந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய புதுசு செய்யாத வேலையை, கரித்துணியாகப் போகவேண்டிய பழசு எப்படிச் செய்கிறது?

இந்தப் புதிருக்கு இன்னொரு முகமும் உண்டு. நம் பாட்டிமார் காலத்தில், வீட்டுக்குத் தூரமான நாள்களுக்கென்று ஒரு சிறு துணிமூட்டை இருக்கும். அதில் புதுத் துணி ஒரு முழம்கூட இருக்காது. நைந்த வேட்டி, சாயம் வெளுத்த சுங்குடிச் சேலை, பழைய பாவாடை ஆகியவற்றைக் கிழித்து, துவைத்து, மடித்து வைத்திருப்பார்கள். இல்லாத கொடுமையால் பழசை வைத்துச் சமாளித்தார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இல்லாமை இருந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தேர்வுக்குள் ஓர் அறிவும் இருந்தது. புதுத் துண்டு ஏன் துவட்டாது என்று கண்டுகொண்டால் அந்த அறிவு நமக்கும் பிடிபடும்.

துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் மாதவிடாய்த் துணிப்பேடை எப்படி வடிவமைப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். அந்த வடிவமைப்பு உடம்பில் தொடங்குகிறது. ஆனால் அதன் வெற்றி தோல்வி முடிவாவது வீட்டுக் கொடியில்.

பஞ்சின் மேல் ஒரு மெழுகு

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். துணிக்கடையில் கால் மீட்டர் காடாத் துணி வாங்குங்கள். வெளுக்காமல், தறியிலிருந்து வந்தபடியே விற்கும் பழுப்பு நிறத் துணி அது. பக்கத்தில் ஒரு பழைய வேட்டித் துண்டை விரியுங்கள். இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வேட்டியில் விழுந்த சொட்டு விழுந்த கணமே பரவி மறைந்துவிடும். காடாத் துணியில் விழுந்தது தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு திரண்டு நிற்கும். இரண்டும் பருத்திதான்.

பருத்தி இழையின் உடல் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் மிகவும் பிடிக்கும். அதன் மூலக்கூறு நெடுக நீரைப் பற்றிக்கொள்ளும் கைகள் உண்டு. ஆனால் செடியில் வெடிக்கும் பஞ்சின் ஒவ்வோர் இழைமேலும் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. எடையில் அது நூற்றில் ஒரு பங்குகூட வராது. என்றாலும் மழையிலிருந்து பஞ்சைக் காக்க அது போதும். நம் துணியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கவும் அதுவே போதும். அதற்கு மேல், தறியில் அறுந்துபோகாமல் இருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறார்கள். மெழுகும் கஞ்சியும் சேர்ந்தால் துணி விறைப்பாக, பளபளப்பாகக் கடைக்கு வருகிறது. வாங்குவோர் அதைத்தான் 'புதுசு' என்று தடவிப் பார்க்கிறார்கள்.

வீட்டில் ஒவ்வொரு சலவையும் இந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. வெள்ளாவியில் வைத்த காலத்தில் காரமும் ஆவியும் அதை வேகமாகவே கழற்றின. நூலின் முறுக்கு தளர்ந்து இழைகளுக்கு நடுவே இடைவெளி பிறக்கிறது. துணி நைகிறது, உள்ளிருக்கும் செல்லுலோஸ் வெளிப்படுகிறது. பழைய வேட்டி என்பது ஐம்பது நூறு சலவையில் பக்குவப்பட்ட உறிஞ்சுதுணி. புதுத் துணியில் பேடு தைப்பவர்களும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும்: வெட்டுவதற்கு முன்பே சோப்புப் போட்டுக் கொதிநீரில் மூன்று நான்கு முறை அலசி, சொட்டு மறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

பருத்திக்கு இன்னொரு குணம் உண்டு. நனைந்த பருத்தி நூல் உலர்ந்த நூலைவிட வலுவானது. ரேயான் நனைந்தால் தளர்ந்துவிடும். துவைகல்லில் அடித்து, முறுக்கிப் பிழிந்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டிய ஒரு பொருளுக்கு இதைவிட ஏற்ற இழை கிடைப்பது அரிது.

எவ்வளவு தாங்க வேண்டும்?

ஒரு பாலம் கட்டுபவர் முதலில் கேட்பது எவ்வளவு பாரம் ஏறும் என்று. நமக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஒரு மாதவிடாயில் எவ்வளவு ரத்தம் போகிறது? அனுபவிக்கும் பெண்ணுக்கு அது ஒரு சொம்பு போலத் தோன்றும். அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

1966-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் லெய்ஃப் ஹால்பெர்க்கும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெண்களிடம் பயன்படுத்திய பேடுகளைச் சேர்த்துத் தரச் சொல்லி, காரக் கரைசலில் ஊறவைத்து, அதில் இறங்கிய ரத்தத்தைக் கணக்கிட்டார்கள். ஒரு மாதவிடாய்க்குச் சராசரி 40 மில்லியை ஒட்டியே வந்தது. சமையலறைத் தேக்கரண்டியில் எட்டு கரண்டி. 80 மில்லிக்கு மேல் போனால் உடம்பில் இரும்புச்சத்து குறையும் வாய்ப்பு கூடுகிறது என்றும் கண்டார்கள். அதிகப்படியான போக்கு என்பதற்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் வைத்திருந்த எல்லைக்கோடு அந்த ஆய்விலிருந்து வந்தது.

இந்தக் கணக்கில் இரண்டு திருத்தம் வேண்டும். ஒன்று, வெளியேறுவது ரத்தம் மட்டுமில்லை. சளி போன்ற திரவமும் கருப்பையின் உட்சவ்வுத் துணுக்குகளும் சேர்ந்து வருகின்றன. ஆகவே துணி தாங்க வேண்டிய மொத்த அளவு ரத்த அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மற்றொன்று, போக்கு எல்லா நாளும் ஒரே சீராக இருக்காது. பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாளிலேயே போய்விடும். முதல் நாள் இரவுக்கும் நான்காம் நாள் மாலைக்கும் ஒரே தடிமனுள்ள பேடைத் தருவது, ஆடி மழைக்கும் அடைமழைக்கும் ஒரே குடை பிடிப்பதுபோல.

திரி ஏறும் எண்ணெய்

கார்த்திகை அன்று அகலில் எண்ணெய் விட்டுத் திரியைப் போட்டதும், யாரும் தூக்காமலே எண்ணெய் திரியில் ஏறி நுனிக்கு வருகிறது. மெல்லிய இடுக்கு ஒன்று கிடைத்தால் திரவம் அதன் சுவரைப் பற்றிக்கொண்டு தானே நகரும். பள்ளிப் புத்தகம் இதை நுண்புழை நுழைவு என்கிறது. துணி உறிஞ்சுவதும் இதே வழியில்தான். நூலுக்கும் நூலுக்கும் நடுவே பெரிய இடுக்குகள், நூலுக்குள் இழைகளுக்கு நடுவே நுண்ணிய இடுக்குகள். இடுக்கு எவ்வளவு சிறியதோ அவ்வளவு பலமாக இழுக்கும். ஆகவே திரவம் எப்போதும் அகன்ற இடுக்கிலிருந்து குறுகிய இடுக்கை நோக்கியே போகும்.

நல்ல பேடின் அடுக்கு இந்த விதியில் பிறக்கிறது. உடம்பைத் தொடும் மேலடுக்கு சற்றுத் தளர்வான நெசவாக இருக்க வேண்டும். திரவத்தை வாங்கிக் கீழே தள்ளிவிடுவது அதன் வேலை. அதன் கீழே நெருக்கமான, நுண்ணிய இடுக்குகளுள்ள அடுக்குகள் இருந்தால் அவை மேலே உள்ளதை இழுத்துப் பக்கவாட்டில் பரப்பிப் பிடித்துக்கொள்ளும். வரிசையை மாற்றி வைத்தால் உள்ளே இடமிருந்தும் மேல்பக்கம் ஈரமாகவே இருக்கும்.

மாதவிடாய்த் திரவம் தண்ணீரைவிடக் கொழகொழப்பானது. தண்ணீர் ஒரு நொடியில் இறங்கும் துணியில் அது மெதுவாகத்தான் இறங்கும். அதனால்தான் குழந்தைகளுக்குச் சட்டை தைக்கும் பிளானல் துணி இங்கே உதவுகிறது. அதன் மேலே சீவி எழுப்பிய மெல்லிய பஞ்சுமயிர், திரவம் இறங்கும்வரை அதை ஓடவிடாமல் நிறுத்திவைக்கிறது.

ஒரு துணி, இரண்டு வேலை

இதுவரை எல்லாம் சுலபம். நிறைய அடுக்கு வைத்தால் நிறையத் தாங்கும். அடுக்குகளை ஒன்றாக வைத்துத் தைத்தால் நழுவாது. பேடு தயார் என்று தோன்றும். துவைத்த பிறகுதான் சிக்கல் தெரியும்.

பத்து அடுக்கைச் சேர்த்துத் தைத்த பேடு, மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாத மழையில் கேட்கவே வேண்டாம். எந்தத் தடிமன் உடம்பில் காப்பாற்றியதோ, அதே தடிமன் கொடியில் எதிரியாகிறது. அரைகுறையாகக் காய்ந்த துணியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். அடுத்த மாதம் அதையே உடம்பில் வைத்தால் அரிப்பும் புண்ணும் தொற்றும் வரலாம்.

தூக்கி எறியும் நாப்கினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குள் இருக்கும் பாலிமர் தூள் திரவத்தை வாங்கிக் கூழாக உப்பிக்கொள்ளும். அழுத்தினாலும் விடாது. ஒருமுறை பயன்படுத்தும் பொருளுக்கு அது நல்ல குணம். துவைக்கும் பொருளுக்கோ அது ஆகாத குணம். வாங்கியதை விடாத பொருளை எப்படி அலசுவது? நமக்கு வேண்டியது வாங்கவும் தெரிந்த, விடவும் தெரிந்த பொருள். பருத்தி அப்படிப்பட்டது. ஆனால் அது விடுவதற்கு வழி திறந்திருக்க வேண்டும். அந்த வழியைத் திறப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை.

விடை எளிது: பேடை இரண்டாகப் பிரித்துவிடுவது. உள்ளாடையில் மாட்டும் வெளிப்பகுதியை உறை என்போம். அதற்குள் செருகி எடுக்கும் உறிஞ்சுதுணியை உள்மடி என்போம். உள்மடி உடம்பில் இருக்கும்போது பல அடுக்கு. கொடியில் ஏறும்போது ஒரே அடுக்கு.

எட்டு மடிப்பின் கணக்கு

ஒரு பழைய பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 40 சென்டிமீட்டர் நீளம், 32 சென்டிமீட்டர் அகலம் உள்ள ஒரு துண்டை வெட்டுங்கள். நீளத்தைப் பாதியாக மடித்தால் 20-க்கு 32. அகலத்தைப் பாதியாக மடித்தால் 20-க்கு 16. இன்னொரு முறை மடித்தால் 20-க்கு 8. மூன்றே மடிப்பில் எட்டு அடுக்கு வந்துவிட்டது. உறைக்குள் செருக ஏற்ற அளவும் வந்துவிட்டது.

அது எவ்வளவு தாங்கும்? துண்டின் பரப்பு 1,280 சதுர சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள துணி என்று வைத்தால், துண்டின் எடை சுமார் 15 கிராம். நைந்த பருத்தியை நனைத்துத் தூக்கி, சொட்டுவது நின்றபின் நிறுத்தால், தன் எடையைப்போல் இரு மடங்கு நீர் அதில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதாவது 30 மில்லி. பேருந்தில் உட்காரும்போதும் குனிந்து நிமிரும்போதும் துணி அழுந்தும், ஆகவே பாதியைக் கழித்துவிடுவோம். மீதி 15 மில்லி. நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் பெரும்பாலான பெண்களுக்கு இது தாராளம். முதல் நாள் இரவுக்கு மட்டும் இரண்டு உள்மடிகளைச் சேர்த்து வைக்கலாம். பிரித்து வைத்ததில் கிடைத்த முதல் வசதி இதுதான்: போக்குக்கு ஏற்பத் தடிமனைக் கூட்டலாம், குறைக்கலாம்.

இனிக் காய்வதைப் பார்ப்போம். பிழிந்த பிறகும் துணியில் ஏறத்தாழ அதன் எடைக்குச் சமமான நீர், அதாவது 15 கிராம், தங்குகிறது. ஈரம் ஆவியாவது காற்றுப் படும் பரப்பைப் பொறுத்தது. எட்டு அடுக்கையும் சேர்த்துத் தைத்து, அடியில் கசியாத படலம் வைத்த பேடாக இருந்தால் காற்றுக்குத் திறந்திருப்பது மேல்பக்கம் மட்டும்: 20-க்கு 8, ஆக 160 சதுர சென்டிமீட்டர். அதே துணி மடிப்பு பிரிந்து கொடியில் தொங்கும்போது இரு பக்கமும் காற்று. 1,280-ஐ இரண்டால் பெருக்கினால் 2,560. பதினாறு மடங்கு. துணி அதே, நீர் அதே, வெயில் அதே. மாறியது மடிப்பு மட்டும்.

உண்மையில் வித்தியாசம் இதைவிடப் பெரிது. மேல் ஈரம் போனபின், உள்ளே இருக்கும் ஈரம் தடிமனைக் கடந்து வெளியே வர வேண்டும். தடிமன் இரட்டித்தால் அதற்கு ஆகும் நேரம் இரட்டிப்பதோடு நிற்காது, நான்கு மடங்கை நெருங்கும். தடித்த மெத்தை நனைந்தால் வாரக்கணக்கில் காயாததும், மேலே விரித்த போர்வை ஒரே மதியத்தில் காய்வதும் இதனால்தான்.

காயும் நேரம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது: எத்தனை துண்டு வேண்டும் என்பதை. நாளுக்கு நான்கு மாற்ற வேண்டும் என்று வையுங்கள். அன்றன்றே காய்ந்தால் உடம்புக்கு நான்கு, கொடிக்கு நான்கு, ஆக எட்டு போதும். காய இரண்டு நாள் பிடித்தால் பன்னிரண்டு வேண்டும். எட்டு உள்மடிக்கு மூன்று உறை இருந்தால் சமாளிக்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் மாறுவது உள்ளிருக்கும் துணிதான். ஐந்து மீட்டர் நீளமும் 115 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சேலையில் அகலத்தில் மூன்று, நீளத்தில் பன்னிரண்டு என 36 துண்டு விழும். கிழிந்ததும் நைந்து ஓட்டையானதும் போகப் பாதி தேறினாலும் 18. ஒரு பழைய சேலைக்குள் ஒரு வீட்டின் இரண்டு பெண்களுக்கான உள்மடிகள் இருக்கின்றன.

உறையும் ஊசித்துளையும்

உள்மடியின் வேலை உறிஞ்சுவது. உறையின் வேலை இரண்டு: நழுவாமல் பிடிப்பது, கசியாமல் தடுப்பது.

நழுவாமல் இருக்க, உறையின் இரு ஓரத்திலும் இறக்கைபோல் நீட்டம் வைத்து, உள்ளாடையின் அடியில் சுற்றி டிச் பட்டன் போடுகிறார்கள். உள்மடி உள்ளே நகராமல் இருக்க, உறையின் முன்னும் பின்னும் சிறு பை போன்ற மடிப்பு வைக்கலாம், அல்லது குறுக்கே இரண்டு நாடா தைக்கலாம். கசியாமல் இருக்க, பாலியூரித்தேன் என்னும் மெல்லிய படலம் ஒட்டிய துணியை அடியில் வைக்கிறார்கள். குழந்தைகளுக்கான துணி டயப்பர்களில் பரவலாகப் பயன்படும் அதே துணி. அது திரவத்தை விடாது, சாதாரணச் சலவையைத் தாங்கும்.

புதிதாகத் தைப்பவர்கள் தவறும் இடம் இது. பேடு அழகாகப் படிய வேண்டுமென்று நடுவில் மெஷினை ஓட்டிவிடுகிறார்கள். படலத்தில் ஊசி இறங்கிய ஒவ்வோர் இடமும் ஒரு துளை. நூல் வேறு பருத்தியாக இருந்தால் அதுவே திரியாகி ஈரத்தை வெளியே கொண்டுவரும். தையல் ஓரத்தோடு நிற்க வேண்டும். வெட்டும்போது குண்டூசி குத்தவும் கூடாது.

பருத்தி கொதிநீரைத் தாங்கும். பாலியூரித்தேன் படலம் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தால் உரிந்துவிடும். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் பலவீனமானதற்கு ஏற்றபடிதான் இரண்டையும் துவைக்க வேண்டியிருக்கும். பிரித்து வைத்தால் உள்மடியை வேகவைக்கலாம், உறையைச் சாதாரணத் தண்ணீரில் அலசலாம். ஆயுள் முடிந்தபின் பருத்தி மண்ணோடு மண்ணாகும். மக்காத பகுதி பெரும்பாலும் உறையின் அடியிலுள்ள ஒரு கையகலப் படலமும் பட்டனும்தான்.

நைரோபியிலும் ஆரோவில்லிலும்

பிரித்து வைக்கும் இந்த வடிவத்தை உலகெங்கும் கொண்டுபோன முயற்சிகளில் ஒன்று 'டேஸ் ஃபார் கேர்ள்ஸ்'. அமெரிக்கரான செலஸ்ட் மெர்ஜென்ஸ் 2008-இல் கென்யாவின் நைரோபியில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்கு உதவப் போனபோது அது தொடங்கியது. மாதவிடாய் நாள்களில் பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் அறையிலேயே இருப்பதை அறிந்து முதலில் தூக்கி எறியும் நாப்கின்களை அனுப்பினார்கள். பயன்படுத்தியவற்றைப் போட அங்கே இடமில்லை. அதன் பிறகே துவைக்கும் பேடுக்கு மாறினார்கள். பயன்படுத்தும் பெண்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டு வடிவம் பல முறை மாறியது. இப்போது அதில் ஒரு கசியாத உறை, இரு முனையிலும் செருகுபை, உள்ளே மடித்து வைக்கும் பிளானல் துணி. அந்தத் துணியை விரித்தால் முகம் துடைக்கும் சதுரத் துண்டுபோல் இருக்கும். நிறமும் பூப்போட்ட அச்சும் கறையைக் காட்டாது. கொடியில் கிடந்தால் இன்னதென்று யாருக்கும் தெரியாது.

நம் ஊரில், விழுப்புரம் மாவட்டத்திலுள்ள ஆரோவில்லில், 2010-ஐ ஒட்டி 'ஈகோ ஃபெம்' தொடங்கியது. கேத்தி வாக்லிங், யெஸ்ஸமைன் மீடெமா என்னும் இருவர் சுற்றுவட்டார கிராமப் பெண்களோடு சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. பருத்தி பிளானல் அடுக்குகள், இறக்கை, டிச் பட்டன், அடியில் கசியாத படலம் என்று தைத்து விற்கிறார்கள். வெளிநாட்டில் விற்கும் ஒவ்வொரு பேடுக்கும் ஈடாக இந்தியாவில் ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு பேடு, அதோடு மாதவிடாய் பற்றிய பாடம் என்று ஒரு திட்டமும் நடத்துகிறார்கள்.

துணிப்பேடு என்றால் பழைய காலத்துக்குத் திரும்புவது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் துவைத்துப் பயன்படுத்தும் பேடுகளுக்கெனத் தனித் தரவரையறையே வெளியிட்டது. அதன் எண் ஐ.எஸ். 17514. பாட்டியின் துணிமூட்டையில் இருந்த பொருள் இன்று அளந்து சோதிக்கப்படும் பொருளாகிவிட்டது.

துவைகல்லில் வேதியியல்

ரத்தக்கறைத் துணியை முதலில் வெந்நீரில் போடக்கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தத்தில் இருப்பதும் புரதம்தான். சூடு பட்டால் அது இழைக்குள்ளேயே இறுகி ஒட்டிக்கொள்ளும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, நீரை மாற்றி அலசி, பிறகு சோப்பு. கொதிநீர் வேண்டுமென்றால் கடைசியில். இவ்வளவுக்குப் பிறகும் மங்கலாகப் பழுப்புத் தடம் மிஞ்சலாம். அது இழையில் ஏறிய நிறம். சுத்தமாக அலசிக் காய்ந்த துணியில் கறை இருப்பதாலேயே அது அழுக்குத் துணி ஆகிவிடாது.

மதுரையைச் சுற்றிய சமவெளியில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புத்தண்ணி. சோப்பு நுரைக்காது. அந்த நீரிலுள்ள கால்சியம் சோப்போடு கூடி வெண்ணிறப் பிசுக்காகிறது. வாளியின் ஓரத்தில் படியும் அந்தப் பிசுக்கு துணியின் இழைமேலும் படிகிறது. ஐம்பது சலவையில் போன மெழுகு வேறு உருவத்தில் திரும்பி வந்ததுபோல் ஆகும். துணியை மென்மையாக்கி மணமூட்டும் கண்டிஷனரும் இப்படியே ஒரு கொழுப்புப் படிவை விட்டுச்செல்கிறது. உப்புத்தண்ணிக்குச் சோப்பைவிடச் சலவைத்தூள் ஏற்றது. எதில் துவைத்தாலும் இன்னும் இரண்டு முறை நன்றாக அலச வேண்டும். சந்தேகம் வந்தால் தொடக்கத்தில் செய்த சொட்டுச் சோதனையைச் செய்யுங்கள். சொட்டு மறைந்தால் துணி பிழைத்திருக்கிறது. உருண்டு நின்றால் உள்மடியைக் கொதிநீரில் வேகவைத்து அலசும் நேரம் வந்துவிட்டது.

வெயிலுக்கு வராத துணி

மதுரைக்கு வெயில் பஞ்சமில்லை. சித்திரையில் மாடியில் விரித்த வேட்டி, கீழே இறங்கி ஒரு வாய் காப்பி குடித்து வருவதற்குள் காய்ந்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிரும் முழு உலர்ச்சியும் சேர்ந்து கிருமிகளை ஒடுக்கும். காசில்லாமல் கிடைக்கும் இந்தக் காப்பை மாதவிடாய்த் துணி மட்டும் பெறுவதில்லை. அது கட்டிலுக்கு அடியில், கழிப்பறை மூலையில், பாவாடைக்கு அடியில் மறைந்து காய்கிறது. சரியாகச் சொன்னால் காயாமலே கிடக்கிறது.

இது உடம்பில் என்ன செய்கிறது என்பதை ஒடிசாவில் மருத்துவமனைக்கு வந்த ஐநூறுக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து, 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. துணியைத் திரும்பப் பயன்படுத்திய பெண்களில், அதை வீட்டுக்குள்ளேயே காயவைத்தவர்களிடமும் கழிப்பறையில் ஒளித்துவைத்தவர்களிடமும் கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்று கூடுதலாக இருந்தது. துணி என்பதோடு கேள்வி முடியவில்லை. அந்தத் துணி எங்கே காய்ந்தது, எங்கே இருந்தது என்பதும் சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கிறது.

ஏன் ஒளிக்கிறார்கள் என்று கேட்க நாம் தூரம் போகவேண்டியதில்லை. மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டிப் பக்கம் கூவலாபுரம் உள்ளிட்ட சில ஊர்களில், மாதவிலக்கான பெண்கள் 'முட்டுத்துறை' என்னும் தனிக் கட்டடத்தில் தங்கும் வழக்கம் இந்த நூற்றாண்டிலும் செய்தியாகியிருக்கிறது. பெண்ணையே ஊருக்கு வெளியே வைக்கும் இடத்தில் அவள் துணிக்கு நடுமாடியில் இடம் எப்படிக் கிடைக்கும்? அந்த அளவுக்குப் போகாத வீடுகளிலும், ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்ற சொல் அந்தத் துணியை இருட்டுக்குத் துரத்துகிறது.

உள்மடியின் கடைசிப் பயன் இங்கேதான். பேடு வடிவத்தில் தைத்த துணியைக் கொடியில் போட்டால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். 40-க்கு 32 அளவுள்ள சேலைத் துண்டு வெறும் கைத்துண்டுபோல், பாப்பாவின் துணிபோல் தொங்கும். கூச்சம் போகும்வரை காத்திருக்காமல், கூச்சத்தோடு வாழும் பெண்ணுக்கு இன்றைக்கே வெயிலைத் தருகிறது இந்த வடிவம். ஒரு பொறியியல் தீர்வாக இதை மதிக்கிறேன். ஆனால் அது பாதி தீர்வு. மறைத்துக் காயவைக்க ஒரு பெண் இவ்வளவு சாமர்த்தியம் காட்ட வேண்டியிருப்பதே தவறு.

யாருக்கு, எதுவரை

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் துணி பயன்படுத்துகிறார்கள். அவர்களில் பலர் கடை நாப்கினையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். வீட்டில் துணி, பயணத்தில் நாப்கின் என்று வாழ்க்கை இரண்டையும் கேட்கிறது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2011-12 வாக்கில் 'புது யுகம்' திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் கொடுக்கத் தொடங்கியது. பள்ளிப்படிப்பு தடைபடாமல் இருக்க அது தேவையான உதவி.

துணிப்பேடுக்குத் தண்ணீர் வேண்டும். குடிக்கவே லாரியை எதிர்பார்க்கும் தெருவில், பூட்டு இல்லாத கழிப்பறையுள்ள பள்ளியில், மழை விடாத வாரத்தில் அதைக் கட்டாயப்படுத்துவது கொடுமை. போக்கு மிக அதிகமாக இருக்கும் பெண் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை. ஆனால் தண்ணீரும் வெயிலும் ஒரு கொடியும் உள்ள வீட்டில் கணக்கு வேறு. மாதம் 15 நாப்கின் என்றால் வருடத்துக்கு 180. மாதவிடாய் வரும் 35 வருடத்தில் 6,300. அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். அது வெள்ளக்கல் குப்பைக்கிடங்கிலோ வைகைக் கரையிலோ நமக்குப் பின்னும் கிடக்கும். அதற்கு ஈடாக வைக்க நம்மிடம் ஒரு பழைய சேலை இருக்கிறது.

ஆகவே இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் இரண்டு வேலை செய்யுங்கள். அலமாரியின் அடியில் கிடக்கும் பழைய பருத்திச் சேலையை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பிறகு மாடிக்குப் போய், காலை வெயில் நேராக விழும் பக்கத்தில், வேட்டியும் சட்டையும் காயும் அதே கொடியில் ஒரு முழம் இடம் ஒதுக்குங்கள். வீட்டில் ஆண்கள் இருந்தால் அந்த இடத்தை அவர்களே ஒதுக்கட்டும்.